ஆளுமைச் சோதனை, வேலைத் தேர்வு, பேச்சுத் திறன்: எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதும் அரசுத் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில், எங்கள் ஊரான பெஸ்தாரி ஜெயாவில் ஒட்டுக்கடை, கோயில் மண்டபம், வாட்சாப் குழு எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். "பிள்ளைய எதுல சேர்க்கிறது?" ஊர்ப் பெயர் மாறிப் பல வருடம் ஆகிவிட்டது, பெரியவர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அவர்கள் காலத்தில் வேலையைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய் நின்றால், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கை காட்டும் மர நிரைதான் அன்றைய வேலை. இப்போது பிள்ளைகள் கையில் பள்ளிக்கூடம் கொடுத்த சோதனை முடிவு ஒன்று, கைப்பேசியில் வந்த நாலெழுத்து முடிவு ஒன்று, பெரியப்பா கொடுத்த யோசனை ஒன்று. விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பள்ளியில் ஆலோசக ஆசிரியர் வைத்த சோதனையில் எனக்கு "ஆர்-எஸ்-சி" என்று வந்தது. இது கிரேடா?

கிரேடு இல்லை. இதில் தேறியவர், தவறியவர் என்று யாரும் கிடையாது. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த முறை இது. வேலை சார்ந்த விருப்பங்களை ஆறு வகையாகப் பிரித்தார் அவர். உங்கள் விடைகளில் மேலே வந்த மூன்று வகைகளின் முதலெழுத்துகள்தான் அந்த மூன்றும்.

ஆறையும் ஊரை வைத்தே சொல்கிறேன். ஆர், அதாவது ரியலிஸ்டிக்: கைவேலை, இயந்திரம், வெளிவேலை. டிராக்டர் பழுது பார்ப்பவர், ஒயர்மேன், ஆலையில் கொதிகலனைக் கவனிப்பவர். ஐ, இன்வெஸ்டிகேட்டிவ்: ஏன், எப்படி என்று தோண்டுகிற ஆட்கள். செம்பனை ஆலையின் லேப்பில் எண்ணெய் மாதிரி எடுத்து, அமிலம் எத்தனை விழுக்காடு ஏறியிருக்கிறது என்று பார்ப்பவர் இந்த ரகம். ஏ, ஆர்ட்டிஸ்டிக்: உறுமி மேளம் வாசிப்பவர், மணமேடை ஜோடிப்பவர், கல்யாண வீடியோ தொகுப்பவர். எஸ், சோஷியல்: ஆசிரியர், தாதி, அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுத்த டிரசர், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். ஈ, என்டர்பிரைசிங்: குத்தகை எடுப்பவர், காப்புறுதி முகவர், ஆள் சேர்த்து வேலை வாங்குகிற மண்டோர். சி, கன்வென்ஷனல்: கணக்கு, கோப்பு, ஒழுங்கு. தோட்டத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதிய கிராணியை, அதாவது எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை கேட்பது விருப்பத்தை. திறமையை அது அளக்கவே இல்லை. "ஆர்" முதலில் வந்ததால் படிப்பு ஏறாது என்று அர்த்தமில்லை. "எஸ்" வந்த எல்லாரும் நல்ல ஆசிரியராகிவிடுவார்கள் என்றும் இல்லை.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. "ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய விரும்புவீர்களா?" என்று தாளில் கேட்கிறது. ஆய்வுக்கூடம் என்றால் பிள்ளைக்குத் தெரிந்தது பள்ளிக்கூட சயின்ஸ் லேப்தான். இல்லை என்று கோடு போட்டுவிடுகிறது. கட்டட வரைவாளர், புள்ளிவிவரப் பணி, பேச்சுச் சிகிச்சை, எல்லாவற்றுக்கும் அதே கதி. பிடிக்காது என்பதும் தெரியாது என்பதும் தாளில் ஒரே கட்டத்தில் விழுகின்றன. பட்டணத்துப் பிள்ளைக்கு மாமா ஒருவர் கட்டட வரைவாளராக இருப்பார், சித்தி ஒருத்தி மருந்தாளராக இருப்பாள். அந்தப் பிள்ளையின் "இல்லை"யும் நம் பிள்ளையின் "இல்லை"யும் ஒன்றல்ல.

அதனால் என்னிடம் வருகிறவர்களை ஒரு காரியம் செய்யச் சொல்வேன். இல்லை என்று போட்ட வரிகளை மறுபடி வாசியுங்கள். அந்த வேலையை யாராவது செய்து நேரில் பார்த்திராத வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி நிறைய விழுந்தால் அந்த மூன்றெழுத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் புள்ளி வைத்த வேலைகளைப் போய்ப் பாருங்கள்.

இணையத்தில் போட்டதில் ஐ-என்-எஃப்-பி என்று வந்தது. கொஞ்ச நாள் கழித்துப் போட்டால் ஐ-எஸ்-எஃப்-ஜே. எது உண்மை?

நாலெழுத்து முடிவுகளுக்கெல்லாம் மூலம் எம்பிடிஐ என்ற ஆளுமைச் சோதனை. சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யூங் 1921-இல் மனித மனப்பாங்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் அதை அடிப்படையாக வைத்துக் கேள்வித்தாள் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம். ஆண்கள் போருக்குப் போய்விட, தொழிற்சாலைகளுக்கு முதன்முறையாக வந்த பெண்களுக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க உதவலாம் என்பது மகளின் எண்ணம். இருவரும் உளவியலில் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. நோக்கம் நல்லதுதான், எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு.

கோளாறு முறையில் இருக்கிறது. நாலு அளவுகோல், ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் ஓர் எழுத்து. பெரும்பாலான மனிதர்களோ நடுவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். தேர்ச்சிக்கு 40 என்றால் 39 வாங்கியவனும் 41 வாங்கியவனும் வேறு வேறு பட்டியலில் விழுவார்கள் அல்லவா, அதே கதைதான். நேற்று நல்லாத் தூங்கியிருந்தால் ஒரு கேள்விக்கு விடை மாறும், அதோடு எழுத்தும் மாறும். சில வாரம் இடைவெளி விட்டு மறுபடி எழுதுகிறவர்களில் நிறையப் பேருக்கு ஓர் எழுத்தாவது மாறுவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம்.

எது உண்மை என்று கேட்டால், மாறாமல் நின்ற எழுத்துகளைக் கொஞ்சம் கவனியுங்கள் என்பேன். உங்களுக்கு "ஐ"யும் "எஃப்"பும் நின்றிருக்கின்றன. மாறியவற்றில் நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள், அவ்வளவே. அதை வைத்துப் படிப்பை மாற்ற வேண்டாம்.

ஆனால் வாசித்தால் அப்படியே என்னைப் பற்றி எழுதியது போல இருக்கிறதே?

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாளில் "உன்னுடைய ஆளுமை இதுதான்" என்று எழுதிக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது, 5-க்கு எத்தனை போடுவாய் என்று கேட்டார். சராசரி 4.26. எல்லாருக்கும் கொடுத்தது அட்சரம் பிசகாமல் ஒரே தாள். வரிகளைக் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். "சில நேரம் கலகலப்பாக இருப்பாய், சில நேரம் ஒதுங்கி இருப்பாய்" என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

வாசிக்கும்போது ஒரு வேலை செய்து பாருங்கள். உங்களுக்கு வந்த பத்தியையும் நேர் எதிரான நாலெழுத்தின் பத்தியையும் பெயரை மறைத்து உங்கள் அண்ணனிடமோ தங்கையிடமோ கொடுத்து, இதில் எது நான் என்று கேளுங்கள். வீட்டில் கூட இருப்பவர்கள் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்கள்.

அப்போ எந்தச் சோதனையைத்தான் நம்புவது?

ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது ஐந்து பண்பு அளவை. புதுமையில் நாட்டம், பொறுப்புடன் காரியம் முடித்தல், கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். இதில் எழுத்து கிடையாது, ஒவ்வொன்றிலும் கூட, குறைய என்றுதான் முடிவு வரும். அதனால் வாட்சாப் ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ள வசதிப்படாது. அது பிரபலமாகாததற்கு அதுவே காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1991-இல் பாரிக், மவுண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த எல்லா வகை வேலையிலும், போலீஸ் ஆகட்டும், விற்பனை ஆகட்டும், தொழில்நுட்ப வேலை ஆகட்டும், வேலைத்தரத்தோடு தொடர்பு தெரிந்தது பொறுப்புணர்வுக்கு. கலகலப்பு உதவியது முக்கியமாக நிர்வாகத்திலும் விற்பனையிலும். அந்தத் தொடர்பும் மிதமானதுதான், ஜாதகம் பார்த்துச் சொல்வது போலச் சொல்ல முடியாது.

மொழியையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் "பார்ட்டி பிடிக்குமா" என்று கேட்டால் நம் பிள்ளை எதை நினைத்து விடை எழுதும்? தெரியாதவர்கள் நடுவில் கிளாஸோடு நிற்பது அந்தக் கேள்வியின் பார்ட்டி. நமக்குப் பார்ட்டி என்றால் சித்தப்பா வீட்டுப் பிறந்தநாள், அங்கே இருப்பவர்கள் எல்லாரும் சொந்தம். விளங்காத வரி வந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள், ஊகித்துக் கோடு போடாதீர்கள்.

வேலைக்கு எடுக்கும் கம்பெனி சோதனை வைக்கிறது. "நல்ல பிள்ளை" மாதிரி நிரப்பலாமா?

வேண்டாம். தாளை அமைத்தவர்களுக்கும் அந்த ஆசை தெரியும். ஒரே விஷயத்தை வேறு வேறு சொற்களில் தள்ளித் தள்ளிக் கேட்டிருப்பார்கள். "நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை" என்பது போன்ற வரிகளும் நடுவில் வரும். அதற்கு ஆமாம் போட்டால் மற்ற விடைகளையும் சந்தேகிப்பார்கள். அவசரமாகவும் நிரப்பாதீர்கள், ரொம்ப யோசித்தும் நிரப்பாதீர்கள்.

எம்பிடிஐ வைத்து ஆள் எடுக்கக்கூடாது என்று அதை நடத்துகிற நிறுவனமே சொல்கிறது. இந்த நாலெழுத்து வந்ததால் உங்களைச் சேர்க்கவில்லை என்று ஒரு முதலாளி சொன்னால், வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

கூட்டத்துக்குக் கூப்பிட்டு டிஸ்க் சோதனை எடுத்தார்கள். "நீ பிறவித் தலைவன், 800 வெள்ளி கட்டிச் சேர்ந்துவிடு" என்கிறார்கள்.

டிஸ்க் என்பது ஆட்கள் நடந்துகொள்ளும் விதத்தை நாலு வகையாகப் பிரிக்கும் சோதனை. அதற்கு அடிப்படை போட்டவர் வில்லியம் மார்ஸ்டன், 1928-இல். அதே மார்ஸ்டன்தான் பிற்பாடு வொண்டர் வுமன் என்ற சித்திரக்கதை நாயகியையும் உண்டாக்கினார், கெட்டிக்கார மனுஷன். சோதனையைக் குழுவாக உட்கார்ந்து பேசிக்கொள்ளப் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் முடிவைச் சொன்ன கையோடு பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நேரடி விற்பனைக் கூட்டங்களில் "பிறவித் தலைவன்" வராத ஆளை நான் பார்த்ததே இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர் உங்களுக்குச் சம்பளம் தருவார், உங்களிடம் கட்டணம் வாங்க மாட்டார்.

என் மகன் டாக்டராக வேண்டும் என்று நினைத்தோம். சோதனையில் ரியலிஸ்டிக் என்று வந்திருக்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் அம்மாதான் கேட்பார், அப்பா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். வருத்தம் எனக்குப் புரிகிறது. நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பத்தில் "கைவேலை" என்று ஒரு தாள் சொன்னால், மறுபடியும் தோட்டத்து லயத்துக்கே திருப்பி அனுப்புவது போலத்தான் காதில் விழும்.

இரண்டு விஷயம். ஒன்று, அறுவை மருத்துவமும் பல் மருத்துவமும் கைவேலைதான். "ஆர்" வந்தது மருத்துவத்துக்குத் தடை இல்லை. தடை என்றால் உயிரியலிலும் வேதியியலிலும் பையன் எடுக்கும் மதிப்பெண், அதைவிட முக்கியமாக அவன் ஆசை. அவனைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கைவேலை என்பது இன்று நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. நம் ஊரைச் சுற்றியிருக்கும் செம்பனை ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குலையை நீராவியில் வேக வைக்கக் கொதிகலன் வேண்டும். அதை ஓட்டச் சான்றிதழ் பெற்ற ஆள் இருக்கவேண்டும், சட்டம் அப்படி. மின்சாரப் பக்கம் சார்ஜ்மேன் வேண்டும், அவருக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இருக்கும் ஆளை ஆலை சுலபத்தில் விடாது. இதற்கான பாதை எஸ்பிஎம்முக்குப் பிறகு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களான ஐஎல்பி, அட்டெக், அப்புறம் போலிடெக்னிக், சமூகக் கல்லூரி வழியாகப் போகிறது. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலை, நாலாவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. அங்கிருந்து தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்கும் வழி உண்டு.

பெற்றோருக்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மகன் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளும் ஆசைக்காகத் தகுதிக்கு மீறிய கடனில் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பாதீர்கள். அப்படிப் போகிறவர்கள் அந்தக் கல்லூரியின் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரிக்கிறதா என்று பணம் கட்டுமுன் பாருங்கள்.

புள்ளி வைத்த வேலைகளைப் போய்ப் பார்க்கச் சொன்னீர்கள். யார் உள்ளே விடுவார்கள்?

கேட்டால் விடுகிறார்கள், நம்மில் கேட்கிறவர்கள் குறைவு. பல்கலைக்கழக வளாகம் நம் ஊரிலேயே இருக்கிறது, சிலாங்கூர் பல்கலைக்கழகம். திறந்த நாளுக்குப் போங்கள். ராவாங், ஷா ஆலாம் பக்கம் வேலை செய்கிற ஊர் அண்ணன், அக்கா யாராவது இருப்பார்கள். அவர்களிடம் "வேலை எப்படி" என்று கேட்காதீர்கள், "ஓகேலா" என்று சொல்லிவிடுவார்கள். "நேற்று காலையில் போய் முதலில் என்ன செய்தீர்கள், அப்புறம்?" என்று மணிவாரியாகக் கேளுங்கள். "எதைச் செய்ய வேண்டிய நாளில் எழுந்து போகவே பிடிக்காது?" என்றும் கேளுங்கள். அதில் கிடைக்கிற விஷயம் எந்தச் சோதனைத் தாளிலும் கிடைக்காது.

எனக்குக் கூச்ச சுபாவம். இன்ட்ரோவர்ட் என்று வந்திருக்கிறது. ஆட்களோடு பேசுகிற வேலை எனக்கு ஒத்துவராதா?

கூச்சம் வேறு, ஒதுங்கிய இயல்பு வேறு, பேசத் தெரியாமை வேறு. மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். கூச்சம் ஒரு பயம், பழகினால் குறையும். ஒதுங்கிய இயல்பு என்றால் கூட்டத்தில் ரொம்ப நேரம் இருந்தால் களைப்பு வரும், அவ்வளவுதான். பேசுவது ஒரு பயிற்சி, யாரும் கற்கலாம்.

ஒதுங்கிய இயல்பு உள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில் பல நேரம் கெட்டி. மருந்தகக் கவுண்டரில், வங்கியில், வாடிக்கையாளர் புகார் பிரிவில் வேண்டியது அதுதான். மேடை ஏறி முழங்குகிறவரை அங்கே உட்கார வைத்தால் வரிசை நகராது.

பயிற்சிக்கு ஊரிலேயே வாய்ப்பு இருக்கிறது. கோயில் திருவிழாவில் அறிவிப்பு வாசிக்க ஆள் தேடுவார்கள், போய்க் கேளுங்கள். எழுதியதை வாசிப்பதுதான், யோசித்துப் பேச வேண்டியதில்லை. அது பழகியதும் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் மைக் பிடியுங்கள். பட்டணத்துக்குப் போகிறவர்கள் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகம் ஒன்றைத் தேடலாம். 1924-இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது, மலேசியாவில் கிளைகள் ஏராளம். ஒருவர் பேசி முடித்ததும் இன்னொருவர் எழுந்து எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று சொல்வார். கேலி பேசுகிற நண்பர்கள் நடுவில் அது கிடைக்காது.

"பேச்சில் சொல்லுக்கு 7 விழுக்காடுதான், மீதி குரலும் உடல்மொழியும்" என்று முகாமில் சொன்னார்களே?

ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967 ஆய்வுகள் இரண்டிலிருந்து வந்த எண். தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லி, முகபாவப் படங்களையும் காட்டி, பேசுகிறவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்ன ஆய்வுகள். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். சொல்லுக்கு 7 விழுக்காடு என்றால் சீன மொழியில் ஒருவர் பேசுவதில் 93 விழுக்காடு நமக்கு விளங்க வேண்டுமே! உடல்மொழி முகாமுக்குக் காசு கட்டுமுன் சொல்ல வேண்டியதை ஒழுங்காக அடுக்கப் பழகுங்கள்.

வேலையிடத்தில் கற்ற பேச்சு, எழுத்தெல்லாம் வெளியே எதற்குப் பயன்படும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வேலையில் பிரமாதமாக அறிக்கை எழுதுகிற ஆள், அரசாங்கக் கிளினிக்கில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் திணறுவதை எத்தனையோ முறை பார்க்கிறோம்.

ராவாங் பக்கத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு பெண். ஷிப்ட் மாறும்போது அடுத்து வருபவருக்கு நாலு வரி எழுதி வைக்க வேண்டும்: இப்போது என்ன பிரச்சனை, அதற்கு முன் என்ன நடந்தது, என்ன என்று நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும். தாதிகளும் டாக்டர்களும் நோயாளியைக் கைமாற்றும்போது பேசும் முறையும் இதேதான், எஸ்பார் என்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது.

அந்தப் பெண்ணின் பாட்டிக்கு மூச்சு வாங்கியது, கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் மலாயில் "எப்போதிலிருந்து?" என்று கேட்கிறார். பாட்டி, "கொஞ்சம்தான் ஐயா, சரியாப் போயிடும்" என்கிறார். டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற தோட்டத்துப் பழக்கம். வழக்கமாக இந்த இடத்தில் பேத்தியும் சிரித்துவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். இவள் கைப்பேசியைப் பார்த்து வாசித்தாள். மூன்று நாளாக மூச்சு வாங்குகிறது. இனிப்புநீர் நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறார், பெயர்கள் இவை. போன வாரம் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோய்ச் சாப்பிடவில்லை. படுத்தால் அதிகமாகிறது, இரண்டு தலையணை வைத்துத் தூங்குகிறார், கால் வீங்கியிருக்கிறது. இருதயத்தைப் பார்க்க வேண்டுமா டாக்டர்? டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டியின் காலைத் தொட்டுப் பார்த்தார். அன்றே இசிஜி எடுத்தார்கள்.

தலையணை எண்ணிக்கை அற்ப விஷயம் மாதிரித் தெரியும். படுக்கும்போது மூச்சு வாங்குவது இருதயப் பலவீனத்தின் அடையாளமாக இருக்கலாம் என்பதால் டாக்டர்கள் அதையே கேட்பார்கள்.

இதே நாலு வரி கோயில் கமிட்டிக்கும் உதவும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் உதவும், குடியிருப்பில் தண்ணீர் வராததற்கு மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதவும் உதவும். நம் ஆட்கள் எழுதும் மனுவில் முதல் பத்தி முழுக்க வணக்கமும் வருத்தமும்தான் இருக்கும். எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்தத் தேதியிலிருந்து என்பது கடைசியில் வரும், வராமலும் போகும். கமிட்டிக் கூட்டத்தில் யார் என்ன செய்வதாக ஒத்துக்கொண்டார், எந்தத் தேதிக்குள் என்று அலுவலகத்தில் மினிட் எழுதிப் பழகிய பெண் ஒருத்தி எழுத ஆரம்பித்தாலே பாதிச் சண்டை அடங்கும். எழுத விடுவார்களா என்பது வேறு பிரச்சனை. அதற்குத் தலைவரிடம் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் பேசி வைக்க வேண்டும்.

வீட்டுக்குள் வேண்டியது வேறு. கார்ல் ராஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-இல் கவனித்துக் கேட்பது பற்றி எழுதினார்கள். எதிராளி சொன்னதை அறிவுரை சொல்லாமல், தீர்ப்புச் சொல்லாமல், சரியாக விளங்கியதா என்று நம் வாயால் சொல்லிப் பார்ப்பது. கால் சென்டரில் வேலை செய்யும் தம்பி நாள் முழுக்க இதைத்தான் செய்கிறான். வீட்டுக்கு வந்தால் அப்பா வாயைத் திறக்குமுன் பதில் சொல்லிவிடுகிறான். முன்பின் தெரியாத வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற பொறுமையில் கால்வாசியை அப்பாவுக்கும் கொடுக்கலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் பேசுகிற வார்த்தைகளை அப்படியே வீட்டில் பேசினால் செருப்பு பறக்கும். "உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது" என்று நம் வீட்டில் யார் பேசுகிறார்கள்? "அப்ப மேனேஜர் சொல்லாமலே ஷிப்ட மாத்திட்டான், அதானே பா?" என்றால் போதும், மிச்சத்தை அவரே சொல்வார்.

தமிழ், மலாய், ஆங்கிலம் கலந்துதான் பேச வருகிறது. குறையா?

ஒட்டுக்கடையில் குறையே இல்லை. நேர்முகத்தேர்வில் எந்த மொழியில் கேட்கிறார்களோ அதில் மூன்று நிமிடம் கலக்காமல் பேசப் பழகிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் எங்கே தடுக்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

ரெசுமேயில் போட என்னிடம் ஒன்றும் இல்லை. வேலை அனுபவமே கிடையாதே?

போன வாரம் ஒரு தம்பி இதையேதான் சொன்னான். லீவில் என்ன செய்தாய் என்று கேட்டேன். "சும்மாதாண்ணே, கோயில்ல அன்னதானம் பார்த்தேன்." என்ன பார்த்தாய்? அரிசி, காய்கறிக்கு விலை விசாரித்தது அவன். இரண்டு கடையில் விலை கேட்டுக் குறைவான இடத்தில் வாங்கியிருக்கிறான். பரிமாற ஆள் பிரித்துவிட்டதும் அவன்தான். கடைசி நாள் சாம்பார் போதாமல் போனதும் பக்கத்து மாமியிடம் ஓடி ரசம் வைக்கச் சொல்லிச் சமாளித்திருக்கிறான். கொள்முதல், ஆள் நிர்வாகம், நெருக்கடி சமாளிப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் இந்தப் பெரிய சொற்களைத் தாளில் போட வேண்டாம். "ஆலயத் திருவிழா அன்னதானத்துக்குப் பொருள் வாங்கி, பரிமாறுவோர் குழுவைப் பார்த்துக்கொண்டேன்" என்று ஒரு வரி போடுங்கள். நேர்முகத்தில் கேட்டால் அந்த ரசக் கதையைச் சொல்லுங்கள். என்ன ஆனது, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது என்ற வரிசையில். "நாங்கள்" என்றே பேசிக்கொண்டு போகாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு "நான் செய்தேன்" என்று சொல்ல வாய் வராது, கர்வம் என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். அங்கே அது கர்வம் இல்லை, தகவல்.

அப்பாவுக்கு 48 வயது, கம்பெனி மூடிவிட்டார்கள். அவருக்கும் இந்தச் சோதனையெல்லாம் தேவையா?

முதலில் தேவை பணம். தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018-இலிருந்து நடக்கிறது. சந்தா கட்டியிருந்து, வேலை பறிபோனவர் என்றால் வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை உண்டு. மனுச் செய்யக் கால வரம்பு இருக்கிறது, அதனால் இன்றைக்கே பெர்கேசோ அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வேலை தேட மைஃப்யூச்சர்ஜாப்ஸ் தளமும் அவர்களுடையதுதான், கட்டணம் இல்லை. சோதனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இத்தனை வருட வேலையில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவருக்கே தெரியும்.

பள்ளிச் சோதனை முடிவுத் தாளைத் தொலைத்துவிட்டேன். மறுபடி எடுக்கலாமா?

ஆலோசக ஆசிரியரிடம் பதிவு இருக்கும், முதலில் அங்கே கேளுங்கள். பள்ளியை விட்டு வந்தவர்கள் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் உள்ள விருப்பச் சோதனையைச் செய்யலாம். ஹாலண்ட் முறைதான், 60 கேள்வி, இலவசம், ஆங்கிலத்தில். அதில் வரும் வேலைப் பெயர்களும் சம்பளமும் அமெரிக்காவுடையவை, அதை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும்போது அந்தத் தாளோடு எஸ்பிஎம் முடிவு, அடையாள அட்டை நகல், பென்சில் புள்ளி வைத்த பட்டியல் மூன்றையும் கொண்டுவாருங்கள். அப்பா அம்மா வந்தால் நல்லது. பெரியப்பா வேண்டாம்.